பூஜையில் வைத்த ஸ்பேனர்

ஆயுத பூஜை அன்று எவனாவது லோடு வண்டியைக் கொண்டுவந்து என் ஷெட் வாசலில் நிறுத்தினால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வருஷம் பூராவும் கிரீஸிலும் டீசலிலும் ஊறிக் கிடக்கிற உடம்பு இது. அந்த ஒரு நாள்தான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று போன மாசமே முடிவு செய்து வைத்திருந்தேன். அதற்கு வேட்டு வைக்க ஒருத்தன் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி வந்தான்.

என் பெயர் தணிகாசலம். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், வாசலில் பழைய டயர் அடுக்கி வைத்த தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறதே, அதுதான் என் ஷெட். லாரி, டிப்பர், ட்ரைலர் மட்டும்தான் பார்ப்பேன். கார் வந்தால் வந்த வழியே அனுப்பிவிடுவேன். என் கோபத்தைப் பற்றி இந்த ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காமலேயும் சொல்வார்கள்.

அன்று காலையிலேயே நல்ல நேரம் பார்த்து கங்கா பூஜையை முடித்துவிட்டாள். கங்கா என் மனைவி. முதல் நாளே ஷெட்டைக் கழுவி, ஸ்பேனர்களை எல்லாம் டீசலில் முக்கித் துடைத்து, பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். ஜாக்கிக்கு மாலை. கிரீஸ் கன்னுக்குப் பொட்டு. என் காக்கிச் சட்டையைக்கூடத் துவைத்து மடித்து ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்து அதற்கும் ஒரு பொட்டு. இனி விஜயதசமி காலையில் மறுபடி சூடம் காட்டி, அவள் "எடுத்துக்கோ" என்று சொல்கிற வரை ஒரு நட்டைக்கூட நான் தொடக் கூடாது.

இதெல்லாம் எல்லா ஷெட்டிலும் இருக்கிற வழக்கம்தான். ஆனால் கங்காவுக்கு இது வழக்கம் மட்டும் இல்லை, பயம். போன வருஷம் இதே நாளில், பூஜை முடிந்த பிறகு, ஒரு டிப்பர்காரன் கெஞ்சினான் என்று மாலை போட்டிருந்த ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனேன். ஜாக்கி சறுக்கியது. என் இடது கை நடுவிரலில் நுனி போயிற்று. ஜாக்கியில் வாஷர் தேய்ந்திருந்தது என்று நான் சொன்னேன். சாமி தண்டித்தது என்று அவள் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வைத்தே அவள் தலையில் என் கையை வைத்து சத்தியம் வாங்கிவிட்டாள். பூஜையில் வைத்த சாமானை இந்தக் கை தொடாது. வாஷர்தான் காரணம் என்று இப்போதும் நான் சொல்கிறேன். ஆனால் அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் உதறத்தான் செய்கிறது.

பொரியும் கடலையும் வாயில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். கன்டெய்னர் ஏற்றிய ட்ரைலர் ஒன்று சர்ரென்று டயரைத் தேய்த்துக்கொண்டே வந்து என் ஷெட் வாசலை அடைத்தாற்போல் நின்றது. ரப்பர் தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது வண்டி. முன் கண்ணாடிக்கு மேல் வாழைக்கன்றும் மாலையும் வேறு.

டிரைவர் குதித்து இறங்கினான். காலில் செருப்பு இல்லை. சிவப்பு வேட்டி, கழுத்தில் பாசிமணி மாலை, ஒரு மாச தாடி.

"அண்ணாச்சி, மெக்கானிக்கு நீங்கதான?"

"இன்னிக்கு இல்ல. நாள மறுநா வா."

"கோவப்படாதிய அண்ணாச்சி. ட்ரைலர்ல பிரேக்கு புடிச்சிக்கிட்டு விடவே மாட்டேங்கு. இழுத்துப் பறிச்சில்லா இம்புட்டு தூரம் கொண்டாந்திருக்கேம்."

"கண்ணு தெரில உனுக்கு? வேட்டி கட்டிகினு நிக்கிறேன். ஷெட்டுல பூச போட்டாச்சு. ஒரகடம் பூரா பூச போட்டாச்சு. வண்டிய ஓரம் கட்டிட்டு பொரி துன்னு, போ."

அவன் போகவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு அங்கேயே நின்றான். பெயர் சுடலைக்கண்ணு என்றும், ஊர் உடன்குடிப் பக்கம் என்றும் நான் கேட்காமலே சொன்னான். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றி வந்திருக்கிறான். இறக்க வேண்டிய கம்பெனி இன்னும் நாலு கிலோமீட்டர்தான்.

"பன்னெண்டு மணிக்கு அங்க பூச முடிஞ்சி கேட்டப் பூட்டிருவாவ. பொறவு ரெண்டு நாளு லீவு. லோடு வண்டிய விட்டுட்டு நா நவுர முடியாது. நாளைக்கு நா குலசைல நிக்கணும் அண்ணாச்சி."

குலசை என்றால் குலசேகரப்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசரா. அந்தப் பக்கத்து டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாலை போட்டு விரதம் இருந்து, வேண்டுதலுக்கு ஏதாவது ஒரு வேஷம் கட்டி, ஊருக்கு ஒரு செட்டாகச் சேர்ந்து வீடு வீடாகக் காணிக்கை எடுத்து, விஜயதசமி அன்று அம்மன் சன்னதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

"அடுத்த வருசம் போட்டுக்கோ வேசத்த" என்றேன். வாய் என்றால் என் வாய்தான். எதையாவது சொல்லிவிட்டுத்தான் யோசிக்கும்.

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. "எம்மவ தங்கமாரிக்கு போன வருசம் டெங்கு. ரெண்டாப்பு படிக்கா. ஆசுபத்திரில கண்ணத் தொறக்காமக் கெடக்கா. நா இங்கன இருங்காட்டுக்கோட்டையில லோடோட வரிசைல நிக்கேம். போவ விட மாட்டேன்னுட்டாவ. அந்த வரிசைல நின்னுதாம் அண்ணாச்சி வேண்டுனேம். புள்ள பொழச்சி எந்திச்சிட்டான்னா, அவ கையப் புடிச்சிக்கிட்டு வேசத்தோட வாசல் வாசலா பிச்சையெடுத்து ஒனக்குக் கொண்டாந்து போடுதேம்னு. எந்திச்சிட்டா. நா வாக்குத் தவறலாமா?"

சரி, மனுஷன்தானே நானும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ட்ரைலர் பக்கம் போனேன்.

"ஏறி பிரேக்க மிதி... வுடு."

மிதித்தான், விட்டான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

இது ஏர் பிரேக். காலால் மிதித்தால் காற்று போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். காலை எடுத்தால் அந்தக் காற்று அடியில் இருக்கிற ரிலே வால்வு வழியாக வெளியே போக வேண்டும். போகும்போது புஸ் என்று ஒரு சத்தம் வரும். ரோட்டில் லாரி நிற்கும்போது நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த புஸ் வரவில்லை என்றால் காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். சக்கரம் பிடித்த பிடியை விடாது.

"ரிலே வால்வு பூட்ச்சு" என்றேன். "கயட்டி உள்ள க்ளீன் பண்ணணும். இருபத்தி நாலு நம்பர் ஸ்பேனர் இல்லாம கயட்ட முடியாது."

"ஒங்ககிட்ட இருக்குல்லா?"

"கீது. அங்க பாரு."

அவன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன ஸ்பேனர்கள். அவற்றுக்கு முன்னால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கங்கா நின்றாள்.

"யோவ், இன்னா பேசிகினு கீற அந்தாளோட?"

"ஒரு வால்வு கங்கா. அஞ்சு நிமிசம்."

"போன வருசமும் அஞ்சு நிமிசம்தான் சொன்ன. விரல காட்டு. காட்டுய்யா அந்தாளுக்கு."

"மதினி, கொஞ்சம் மனசு வையுங்க" என்றான் சுடலைக்கண்ணு.

"தோ பாருப்பா, நீயும் மால போட்டுகினு கீற. உனுக்கே தெரியும். சாமிக்கு வச்சத பாதில எடுத்தா இன்னா ஆவும்னு நீயே சொல்லு."

அவன் கழுத்து மாலையைத் தொட்டபடி தலையைக் குனிந்துகொண்டான். எனக்குத்தான் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. என் ஷெட், என் ஸ்பேனர், என் கை. ஆனால் எடுக்க முடியாது. மீறி எடுத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதுதான். கங்கா கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்ததும் கால் நகரவில்லை.

பக்கத்து ஷெட்டுக்கு ஓடினேன். அங்கேயும் பூஜை போட்டு ஷட்டரை இறக்கிவிட்டு நரசிம்மன் மணிமங்கலத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். போன் போட்டால், "உன்னோடத வச்சி பாக்க வேண்டியதுதான, என்னோடதுக்கு மட்டும் சாமி குத்தம் ஆவாதா?" என்று சிரித்தான். எதிர்ப்பக்கம் பஞ்சர் கடையில் பூசணிக்காய் உடைத்துவிட்டு ஆளே இல்லை. வண்டியின் டூல் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். ஒரு வீல் ஸ்பேனரும் காலி எண்ணெய் டப்பாவும்தான் இருந்தன.

வண்டிக் கம்பெனியின் பிரேக்டவுன் நம்பருக்குப் போன் போட்டான் சுடலைக்கண்ணு. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொல்லி, நடுவில் பாட்டுப் போட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள். கம்ப்ளைன்ட் பதிவாகிவிட்டதாம். லீவு முடிந்ததும் ஆள் வருவாராம். வைக்கும்போது, "ஹேப்பி ஆயுத பூஜா சார்" என்றாள். போனைப் பிடுங்கி அவளிடம் நாலு வார்த்தை கேட்கலாம் என்று கையை நீட்டினேன், அதற்குள் வைத்துவிட்டாள்.

அடுத்து ட்ரான்ஸ்போர்ட் சூபர்வைசர். ராஜசேகர் என்று பெயர். ஸ்பீக்கரில் போட்டான்.

"சுடலை, அதெல்லாம் எனுக்குத் தெரியாது. லோடு எறங்கற வரிக்கும் வண்டிய வுட்டு நீ ஒரு அடி நகரக் கூடாது. கன்டெய்னர்ல இன்னா கீதுன்னு தெரியுமா உனுக்கு? எதனா ஆச்சின்னா யார் பதில் சொல்றது?"

"சார், நாளைக்கு எங்கூர்ல..."

"ஊர்லாம் எல்லாருக்குந்தான்பா கீது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வெயில் தகரத்தில் ஏறி, கொட்டகை பூரா அனல். சுடலைக்கண்ணு ட்ரைலர் நிழலில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கங்கா மேலா, சாமி மேலா, வால்வு மேலா, அந்த ஹேப்பி ஆயுத பூஜா மேலா? ஷெட் வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தேன். கையில் தொழில் இருக்கிறது, எதிரே வண்டி இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த மாதிரி கையாலாகாமல் நிற்பதைவிட ஒரு கியர் பாக்ஸை ஒற்றை ஆளாக இறக்கிவிடலாம்.

அப்போதுதான் அவன் போன் அடித்தது. ஸ்பீக்கர் இன்னும் அப்படியே இருந்தது.

"எப்பா, பஸ்ஸு ஏறிட்டீயளா?"

சின்னக் குரல். அவன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எப்பா, எனக்கு கொறத்தி வேசமாம். அம்மை கொண்டை வச்சி விட்டுட்டா. ஒங்களுக்கு என்ன வேசம்னு செட்டுக்காரவிய கேக்காவ. எப்பா? கேக்குதா?"

"கேக்கு மக்கா. வாரேம்" என்றான். "வந்துருதேம்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

கங்கா இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். உள்ளே போனாள். மறுபடி சூடம் ஏற்றுகிற வாசனை வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பிறகு இருபத்தி நாலு நம்பர் ஸ்பேனரைப் பொட்டோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் சுடலைக்கண்ணுவிடம் நீட்டினாள்.

"நீ புடிப்பா. மால போட்ட கை, ஒன்னும் ஆவாது. நீயே கயட்டு, அவரு சொல்லிக் குடுக்கட்டும். அவரு கையில மட்டும் குடுக்காத."

அவன் எழுந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"தரையில கீய வச்சிராத" என்று வேறு சொன்னாள்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லை முட்டுக் கொடுத்தேன். அட்டையைப் போட்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு அடியில் நுழைந்தேன். காலையிலிருந்து நான் செய்யாமல் இருந்தது அது ஒன்றுதான். வேட்டி அழுக்காகிவிடும் என்றுதான் குனியவே இல்லை. காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டேன் என்ற மிதப்பு வேறு. சுடலைக்கண்ணு எனக்குப் பக்கத்தில் ஸ்பேனரை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஊர்ந்து வந்தான்.

"எங்கன மாட்டணும் அண்ணாச்சி?"

"இரு. மொதல்ல பைப்பு எதுன்னு காட்றேன்."

வால்வைத் தடவினேன். அடியில் காற்று வெளியே போகிற ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் விரலுக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. நுனி போன விரலால்தான் தடவினேன், அதனால் முதலில் என்னவென்று புரியவில்லை. மறுபடி தடவினேன். துணி. ஈரத் துணி.

இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன்.

புஸ்ஸ்ஸ் என்று காற்று பீய்ச்சிக்கொண்டு வந்து என் முகத்தில் மண்ணை வாரி அடித்தது. பிரேக் எல்லாம் டக் டக்கென்று விடுபட்டது. என் கையில் ஒரு முழச் சிவப்புத் துணி தொங்கியது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

"இது... இன்னாய்யா இது?"

"அய்யோ" என்றான் சுடலைக்கண்ணு. "காலைல பூசைக்குன்னு வல்லக்கோட்டைல வாட்டர் சர்வீசு விட்டேம் அண்ணாச்சி. வால்வுல தண்ணி பூந்தா எங்களக் கேக்காதன்னு அந்தப் பய சொன்னாம். அதாம் வேசத்துக்கு தைச்ச துணில மிச்சம் கெடந்தத கிழிச்சி அடைச்சேம். எடுக்க மறந்துட்டேனே அண்ணாச்சி, மறந்தே போயிட்டேனே!"

"அறிவு கீதாயா உனுக்கு? தண்ணி பூந்துடாம அடச்சியே, காத்து எங்க போவும்? உன் வூட்டு வாசல்ல போவுமா?"

கத்தினேன். அடியில் படுத்துக்கொண்டே வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். கத்தக் கத்த எனக்குத் தெரிந்தது, நான் கத்துவது அவனை இல்லை. அவன் டிரைவர், மறந்துவிட்டான். நான் மெக்கானிக். வந்ததும் வராததுமாக ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் அப்போதே கையால் பிடுங்கிப் போட்டிருப்பேன். ஸ்பேனரே வேண்டாம். கங்காவோடு சண்டை வேண்டாம். இந்நேரம் லோடு இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு வேட்டியின் வெள்ளைக்காக அந்தப் பிள்ளையின் அப்பனை ஒரு காலை முழுக்க வெயிலில் உட்கார வைத்துவிட்டேன். அந்த வேட்டி இப்போது கரியாகிக் கிடக்கிறது.

வெளியே வந்தபோது அவன் சட்டை பூரா கிரீஸ். மாற்றுச் சட்டையும் துவைத்து ஈரமாகக் கேபினில் தொங்குகிறது என்றான். கங்கா உள்ளே போய், பொட்டு வைத்திருந்த என் காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள்.

"ஏறு, ஏறு!" என்று அவனைத் தள்ளிக்கொண்டு நானும் கேபினில் ஏறினேன். கங்கா பின்னால் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. பிரேக் மிதித்தால் பிடித்தது, விட்டால் புஸ்ஸென்றது. இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்கவே வெறுப்பாக இருந்தது. ரோடெல்லாம் மாலை போட்ட பஸ்ஸும் வேனும். நடு ரோட்டில் உடைத்த பூசணிக்காய் வேறு. ஒரு கம்பெனி வாசலில் குலுக்கல் பரிசு வாங்கிய கூட்டம் குக்கர் டப்பாவோடு ரோட்டைக் கடந்துகொண்டே இருந்தது. ஹாரனை நானே எட்டி அழுத்தினேன்.

கேட்டுக்கு நாங்கள் போனபோது உள்ளே கற்பூரம் கூட அணைந்திருந்தது. பெரிய கேட்டில் பூட்டு. செக்யூரிட்டி ஸ்வீட் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தான். சட்டையில் செந்தமிழன் என்று பெயர்.

"இப்பதான்ணா மூடனேன். ஸ்டோர்ஸ்ல எல்லாம் கெளம்பிட்டாங்கோ. கொஞ்சம் முன்னாடி வந்துருந்தா உள்ள வுட்ருப்பேன்."

"யோவ், ஒரே ஒரு கன்டெய்னர்யா."

"எறக்க ஆள் இல்லண்ணா. நான் இன்னா பண்ணட்டும், தலையிலயா எறக்குவேன்?"

அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது? பாவம், அவனும் லீவு இல்லாமல் நிற்கிறவன்தான். ஸ்வீட் பாக்ஸை எங்கள் பக்கம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

சுடலைக்கண்ணு ட்ரைலரை கேட்டுக்கு வெளியே லாரிகள் நிற்கிற திட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அழவில்லை. "போன வருசமும் இப்பிடித்தாம் அண்ணாச்சி நின்னேம்" என்று மட்டும் சொன்னான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். அவன் போனை எடுத்து ராஜசேகருக்கு நானே போட்டேன்.

"ஹலோ, நான் தணிகாசலம் பேசறேன். ஒரகடம் ஷெட்டு. உன் வண்டி எத்தினி தபா என்னாண்ட வந்துக்கீது, தெரியும்ல? வண்டி கேட்டாண்ட நிக்குது. நான் வண்டியிலயே இருக்கேன். ஹெவி லைசென்சு கீது. தொறக்கற அன்னிக்கு நானே உள்ள வுட்டு எறக்கித் தரேன். டிரைவர் ஊருக்குப் போறான்."

"அண்ணே, அது ரூல்ஸ் இல்லண்ணே..."

"ரூல்ஸா? சரி. இனிமே உன் வண்டி ஒன்னுகூட என் ஷெட்டாண்ட வரக் கூடாது. நடு ரோட்ல நின்னாலும் என்னைக் கூப்புடக் கூடாது. ரூல்ஸ கூப்டு வால்வு மாட்டிக்கோ."

"சாவிய பத்திரமா வச்சிக்கோங்கண்ணே" என்றான்.

சுடலைக்கண்ணு என் காலில் விழப் போனான். "அட ச்சீ, ஏந்திரி. செங்கல்பட்டு போயி தெக்கால போற பஸ் எது வந்தாலும் ஏறிடு. நின்னுகினே போ. போய்யா!" என்று விரட்டினேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் காக்கிச் சட்டையோடு, வெறுங்காலில் ஓடிப்போய் ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டான். அவன் போன பிறகுதான், ஃபேனும் பாயசமும் இல்லாமல் இரண்டு நாள் இந்தக் கேபினில் கிடக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

மறுநாள் விஜயதசமி. மத்தியானம் கங்கா ஸ்கூட்டியில் சாப்பாடு கொண்டுவந்தாள். கேபினில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஊரே டூல்ஸ எடுத்து வேலைக்கு வச்சாச்சு. நம்ம ஷெட்டுல நான் ஒண்டியா சூடம் காட்டினேன். நீ இங்க வந்து யாரு வண்டிக்கோ காவ காத்துகினு கீற. இதுல இருபத்தி நாலு காணோம். எங்கய்யா அது?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீதான அந்தாள் கையில குடுத்த. என் கை படக் கூடாதுன்னு."

"கீய வைக்காதன்னு சொன்னேன். ஊருக்குத் தூக்கினு போவச் சொன்னனா?"

கேபினில் சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டில், எல்லா இடத்திலும் தேடினோம். இல்லை. சாமிக்கு வைத்த சாமான் தொலைந்துவிட்டது என்று அவள் முகம் வெளுத்துப் போயிற்று. நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, ஸ்பேனர்தானே, வேறு வாங்கிக்கலாம் என்றேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

அப்போது வீடியோ கால் வந்தது. சுடலைக்கண்ணு.

போனில் ஒரே மேளச் சத்தம். பின்னால் காளி வேஷம், குரங்கு வேஷம், போலீஸ் வேஷம் என்று கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நடுவில் சுடலைக்கண்ணு. என் காக்கிச் சட்டை. நெற்றியிலும் கன்னத்திலும் கிரீஸ் மாதிரி கரி பூசியிருந்தான். ஒரு கையில் தட்டு. இன்னொரு கையில் என் இருபத்தி நாலு, கங்கா வைத்த பொட்டு அழியாமல்.

"அண்ணாச்சி, பஸ்ஸு பிந்திட்டு. செட்டு கெளம்பிப் போயிட்டாவ, வேசச் சாமானும் போயிட்டு. என்ன செய்யன்னு நிக்கேம், எம்மவதாம் சொன்னா, நீங்க போட்டிருக்கதே வேசந்தானப்பான்னு. கீழ வச்சிராதன்னு மதினி சொன்னாவல்லா, நேத்துலேந்து கைய விட்டு எறக்கல."

கொண்டை வைத்துக் கூடை இடுக்கிய ஒரு சின்னப் பெண் போனுக்குள் முகத்தை நுழைத்தாள். முன்பல் இரண்டும் இல்லை. "மாமா, எங்கப்பா ஒங்க வேசம் போட்டிருக்கு!"

அவளுக்குப் பின்னால் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றாள். தட்டில் அரிசியும் காசும் போட்டாள். போட்டுவிட்டு, அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். என் காக்கிச் சட்டையைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் நகர்ந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கும்பிட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, இந்த ஸ்பேனர அம்மன் உண்டியல்ல போட்டுரவா? இல்ல, கொண்டாரவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கங்கா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். அவளும் கும்பிட்டாள். போனையா, ஸ்பேனரையா, அந்தச் சின்னப் பெண்ணையா தெரியவில்லை.

"உண்டியல்ல போடாதப்பா. அம்மன்கிட்ட ஒரு தபா காட்டிட்டு பத்திரமா எடுத்துகினு வா. கொண்டாந்து அவரு கையிலயே குடு."

சாம்பாரில் காரம் ஜாஸ்தி என்று கங்காவைத் திட்டிக்கொண்டே நான் கண்ணைத் துடைத்தேன்.